பைரகாந்தா வேலி: பூ நிறைய, பழம் சொற்பம், அதுவும் கருத்துப்போகிறது

புதர்ப்பிரியை

பைரகாந்தா (கொத்துக்கொத்தாகச் சின்னப் பழம் காய்க்கும் முள்புதர்) வளர்த்துப் பழகியவர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். வேலியின் நீளம் 7 மீட்டர். 70 செ.மீ. இடைவெளியில் 11 செடிகள், நட்டு 5 வருடம், உயரம் 1.8 மீட்டர். நாற்றுப்பண்ணைச் சீட்டில் வெறும் "ரெட்" என்று இருந்தது, ரகத்தின் பெயர் இல்லை. மார்ச்சில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை மின்கத்தரியால் பக்கவாட்டையும் தலையையும் மட்டமாக வெட்டுகிறோம். ஒட்டியுள்ள புல்தரைக்குப் போடும் உரம் வேலியின் தூருக்கும் போய்ச் சேரும். தண்ணீர் தெளிப்பான் வழியாக.

மே கடைசியில் வெள்ளைப் பூ வந்தது, ஆனால் உள்பக்கமாகவே அதிகம். ஜூலையில் பிடித்த காய்களில் பாதிக்கு மேல் ஆகஸ்ட்டில் கரும்பழுப்பாகி, தோல் வெடித்துவிட்டது. இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. இவை தவிர, இரண்டு கிளைகளின் நுனி கருகிக் கொக்கி மாதிரி வளைந்து நிற்கிறது. இது ஃபயர் பிளைட் என்ற பாக்டீரியா நோயா? அப்படியானால் வேலியையே பிடுங்க வேண்டியதுதானா?

இன்னும் இரண்டு கேள்விகள். ஹாலிப் புதர் போல இதற்கும் ஆண் செடி, பெண் செடி என்று உண்டா? சுவரோரமாகத் தனியாக நிற்கும் ஒரு செடியை (4 வயது) பிடுங்கி, வேலியில் உள்ள இடைவெளியில் நடலாமா?

---

கவாத்துக்கத்தி

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். பைரகாந்தாவில் ஆண், பெண் கிடையாது. ஆப்பிள், ரோஜா குடும்பம்தான் இது. ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் இருக்கும், ஒற்றைச் செடியே காய்க்கும். ஹாலிதான் அந்த விஷயத்தில் தகராறு பிடித்தது: பெண் செடி காய்க்கப் பக்கத்தில் ஆண் வேண்டும், பெயரை நம்பி வாங்கவும் முடியாது. "கோல்டன் கிங்" என்பது பெண், "சில்வர் குவீன்" என்பது ஆண்!

உங்கள் பழம் போனதற்கு முதல் காரணம் மின்கத்தரி. நோய் இரண்டாவது.

இந்தச் செடி பூப்பது இந்த வருடத் தளிரில் இல்லை, போன வருடம் வளர்ந்து முற்றிய கிளையில். அந்தக் கிளையின் கணுக்களில் விரல் நீளத்துக்குக் குட்டைக் குட்டையான பக்கச்சிம்புகள் வரும். பூங்கொத்து அவற்றின் நுனியில் உட்காரும். மார்ச்சில் வெளி ஓரத்தை மட்டமாக வெட்டினால் போகிறவை அந்த வருடத்துப் பூமொட்டுகள். செப்டம்பரில் வெட்டினால் நிறம் மாறிக்கொண்டிருக்கும் காய் ஒரு பக்கம் போகும், அடுத்த மே மாதம் பூக்க வேண்டிய கிளை இன்னொரு பக்கம் போகும். கத்தரி எட்டாத உள்பகுதியில் மட்டும் பூ தப்பியிருக்கிறது. "உள்பக்கமாகவே அதிகம்" என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. செப்டம்பர் வெட்டுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. அதற்குப் பிறகு துளிர்க்கும் தளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்து நுனியைக் கருக்கிவிடும். அதைப் பார்த்து நோய் என்று பயப்படுகிறவர்கள் ஏராளம்.

இனி செய்ய வேண்டியது இது. மார்ச், செப்டம்பர் இரண்டையும் விட்டுவிடுங்கள். பூவிதழ் கொட்டி, பட்டாணியில் பாதி அளவுக்குப் பச்சைக் காய் கண்ணுக்குத் தெரிகிற சமயம் வரும், ஜூன் கடைசி முதல் ஜூலை நடு வரை. அப்போது காய்க்கொத்துகளைத் தாண்டி அந்த வருடத் தளிர் வெளிர்ப்பச்சையாக நீண்டிருக்கும். ஒவ்வொரு தளிரையும் அடியிலிருந்து 2 அல்லது 3 இலை விட்டு, கைக்கத்திரியால் வெட்ட வேண்டும். காய்க்கொத்துள்ள கட்டையான சிம்பைத் தொடக்கூடாது. காய்க்கு வெயிலும் காற்றும் கிடைக்கும், பழுத்த பிறகு இலை மறைக்காது, வெட்டிய அடிக்கட்டையே அடுத்த வருடப் பூச்சிம்பாகும்.

7 மீட்டர் வேலியின் இரண்டு பக்கத்தையும் இப்படிக் கையால் செய்ய அரை நாளாவது போகும். முடியாதென்றால் மின்கத்தரியையே எடுங்கள், ஆனால் அதே ஜூன்–ஜூலையில், காய்க்கொத்துக்கு நான்கு விரல் வெளியே நிறுத்தி. வேலி வருடா வருடம் சற்றுத் தடிக்கும். 3 வருடத்துக்கு ஒரு முறை, பனிக்காலம் முடியும் தறுவாயில், பழைய தடித்த கிளைகளில் மூன்றில் ஒன்றைத் தூரோடு எடுத்தால் சரியாகிவிடும். மொத்தத்தையும் ஒரே வருடத்தில் மொட்டையடித்தாலும் செடி சாகாது, பழைய கட்டையிலிருந்து துளிர்க்கும். ஆனால் ஒன்றிரண்டு வருடம் பழத்தை மறந்துவிட வேண்டும்.

மாதங்கள் எல்லாம் வடகோளக் கணக்கு. தென்கோளத்தில் இருந்து படிக்கிறவர்கள் 6 மாதம் தள்ளிக்கொள்ளவும்.

புல்தரை உரத்தை வேலியின் பக்கம் போகவிடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் தளிர் நீளும், பூ குறையும். போதாக்குறைக்கு அந்த இளந்தளிர்தான் ஃபயர் பிளைட் பாக்டீரியாவுக்குச் சுலபமான வழி. பனிக்காலக் கடைசியில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்) சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிராம், மேலே 5 செ.மீ. மூடாக்கு (தண்டைத் தொடாமல்), அவ்வளவு போதும்.

---

வேர்முடிச்சு

நோய்ப் பகுதிக்கு வருகிறேன். நீங்கள் விவரித்ததில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

காய் கரும்பழுப்பாகி வெடிப்பது, இலை மஞ்சளாகிக் கொட்டுவது: இது ஸ்கேப், அதாவது சொறி நோய். பூஞ்சை. இலையின் மேல் ஆலிவ் நிறத்தில் புகைக்கரி அப்பினாற்போல் திட்டுகள் இருக்கிறதா பாருங்கள். ஆப்பிளில் வரும் சொறிப் பூஞ்சையின் சொந்தக்காரன்தான், ஆனால் பைரகாந்தாவில் வருவது பைரகாந்தாவோடு நிற்கும், பக்கத்து ஆப்பிள் மரத்துக்குத் தாவாது.

நுனி கருகிக் கொக்கியாக வளைவது, இலை கொட்டாமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு காய்வது: இது ஃபயர் பிளைட்டாக இருக்கலாம். எர்வினியா அமைலோவோரா என்ற பாக்டீரியா. பூக்கும் சமயத்தில் 18 டிகிரிக்கு மேல் வெப்பமும் மழையும் சேர்ந்தால் பூ வழியாக நுழையும். தேனீயும் மழைத்துளியும் அதைப் பூவுக்குப் பூ கடத்தும். இது ஆப்பிள், பேரி, சீமைமாதுளை, ஹாதார்ன், கோட்டோனியாஸ்டர் எல்லாவற்றுக்கும் பரவும். அதனால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில நாடுகளில் இந்த நோயைக் கண்டால் வேளாண் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை எளிது. கருகிய பகுதிக்குக் கீழே, பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்தில், கூரிய கத்தியால் மேல்பட்டையை மட்டும் சீவுங்கள். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகத் தெளிவாக இருந்தால் அது பனியோ வறட்சியோ சொறியோ. செம்பழுப்புக் கறை கிளையோடு கீழே இறங்கினால் ஃபயர் பிளைட். ஈரமான நாட்களில் பட்டையின் வெடிப்பில் வெளிர் நிறக் கசிவும் வரும்.

ஃபயர் பிளைட்டே ஆனாலும் இரண்டு கிளைக்காக 11 செடியைப் பிடுங்க வேண்டாம். கறை எங்கே முடிகிறதோ அங்கிருந்து இன்னும் கீழே இறங்கி வெட்டுங்கள்: மெல்லிய கிளையில் 30 செ.மீ., தடித்த கிளையில் 60 செ.மீ. கறையின் விளிம்பிலேயே வெட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பாக்டீரியா கறைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரிவது அதன் வால் மட்டும். காய்ந்த வானிலையில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தியை 70 சதவீத ஸ்பிரிட்டில் துடையுங்கள். பிளீச்சில் ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தும் துடைக்கலாம், ஆனால் வேலை முடிந்ததும் கழுவி எண்ணெய் தடவாவிட்டால் கத்தி துருப்பிடிக்கும். வெட்டியதை உரக்குழியில் போடாதீர்கள்.

சொறிக்கு மருந்து தேடுவதற்கு முன் தெளிப்பானை நிறுத்துங்கள். இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால்தான் பூஞ்சையின் வித்து முளைக்கும். தண்ணீர் தூரில் மட்டும் விழட்டும். கீழே கொட்டிய இலை, கருத்த காய் எல்லாவற்றையும் வாரி எடுங்கள். இது பசுமைமாறாச் செடி, ஆகவே நோய்ப்பட்ட இலை கிளையிலும் தங்கிப் பனிக்காலத்தைக் கடக்கும். திட்டு அதிகமுள்ள சிம்புகளையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

---

புதர்ப்பிரியை

பட்டையைச் சீவிப் பார்த்தேன். ஒரு கிளையில் உள்ளே பச்சைதான், கறையே இல்லை. இன்னொன்றில் செம்பழுப்புக் கறை சுமார் 20 செ.மீ. கீழே இறங்கியிருக்கிறது, இலைகளும் கொட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கிளை பென்சில் பருமன். இலைகளில் நீங்கள் சொன்ன புகைக்கரித் திட்டு நிறையவே இருக்கிறது. சில இலைகளின் மேல்பக்கம் நடுநரம்பை ஒட்டி வெள்ளிப் பட்டை மாதிரி ஒன்றும் தெரிகிறது. அதுவும் சொறியா?

செப்புப் பூஞ்சைக்கொல்லி இப்போது அடிக்கலாமா?

---

வேர்முடிச்சு

அப்படியானால் இரண்டுமே இருக்கின்றன. பெரிய பிரச்சினை சொறி, ஃபயர் பிளைட் ஒரு கிளையில்தான். பென்சில் பருமன் என்பதால் கறை முடியும் இடத்திலிருந்து 30 செ.மீ. போதும். நுனியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட அரை மீட்டருக்கு மேல் போகும், மனசு கேட்காது, வெட்டுங்கள். அந்த 30 செ.மீ.க்குள் கிளை முடிந்து தாய்த்தண்டு வந்துவிட்டால், தண்டின் பட்டையையும் சீவிப் பாருங்கள். அங்கே கறை இல்லையென்றால் சேரும் இடத்தில் வெட்டி, அடுத்த வசந்தத்தில் அந்தச் செடியை வாரம் ஒரு முறை கவனியுங்கள். கறை இல்லாத மற்ற கிளையில் காய்ந்த நுனியை மட்டும் கிள்ளி எடுத்தால் போதும்.

வெள்ளிப் பட்டை வேறு சங்கதி. இலைத்தோலுக்கும் சதைக்கும் நடுவே ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு குடைந்து தின்றதன் அடையாளம். போகப்போக இலை நீளவாக்கில் மடங்கும். பார்க்க அசிங்கம், செடிக்கு நஷ்டம் இல்லை. மருந்து அடிக்கக் கிளம்பாதீர்கள்.

செப்பு இப்போது வேண்டாம். கருத்த காய் இனி சிவக்காது.

---

செங்காய்

வேர்முடிச்சு அண்ணா சொன்னதில் ஒரு திருத்தம். இப்போது வேண்டாம் என்பது சரி. ஆனால் சொறி இவ்வளவு முற்றிய வேலியில் வாருவதும் வெட்டுவதும் மட்டும் அடுத்த வருடம் போதாது, வசந்தம் ஈரமாக அமைந்தால் முதல் இலையிலேயே திரும்ப வரும். மருந்து அடிப்பதானால் மொட்டு விரியும் தருணத்தில், அறிகுறி தெரிவதற்கு முன்பு அடிக்க வேண்டும். பூஞ்சைக்கொல்லி இலையின் மேல் காவல் நிற்கும், உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சையை வெளியேற்றாது. புட்டியின் சீட்டில் அலங்காரப் புதர்களுக்கும் சொறிக்கும் அனுமதி என்று எழுதியிருக்க வேண்டும். அளவும் இடைவெளியும் அதில் உள்ளபடியே. பூ விரிந்திருக்கும்போது எதையும் அடிக்கக்கூடாது. இந்தச் செடிக்குக் காய் பிடித்துக் கொடுப்பதே தேனீதான்.

உண்மையான தீர்வு ரகத்தில் இருக்கிறது. பெயரில்லாத "ரெட்" வாங்குவதுதான் இந்தத் தொல்லையின் வேர். இடைவெளியில் புதிதாக நடுவதானால் சஃபீர் வரிசையைத் தேடுங்கள்: சஃபீர் ரூஜ் சிவப்பு, சஃபீர் ஆரஞ்ச், சஃபீர் ஜோன் மஞ்சள். பிரான்சின் இன்ரா ஆய்வு நிறுவனம் ஃபயர் பிளைட், சொறி இரண்டையும் தாங்கும்படி உருவாக்கியவை. மொஹாவே என்பது அமெரிக்க தேசிய ஆர்போரீட்டத்தில் (மரப்பூங்கா) டொனால்டு எகோல்ஃப் கலப்பினம் செய்தது. ஆரஞ்சுச் சிவப்பில் அள்ளிக் காய்க்கும். டீடன் நெட்டையாக நிற்கும், ஃபயர் பிளைட்டைத் தாங்கும், பழம் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. தாங்கும் என்றால் வரவே வராது என்று அர்த்தமில்லை. நோய் வந்தாலும் நுனியோடு நிற்கும்.

குளிர் கடுமையான இடத்தில் இனத்தையும் பாருங்கள். தென் ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆசியா வரை பரவியுள்ள பைரகாந்தா காக்சினியா நல்ல குளிரைத் தாங்கும். தைவானின் கொய்ட்சுமி அந்த அளவுக்குத் தாங்காது. இமயமலையில் கிரெனுலாட்டா காடாகவே வளரும். குமாவுன் மலைக்காரர்கள் அதை கிங்காரு என்பார்கள், அதன் கட்டையில் கைத்தடி செய்வார்கள். ஆங்குஸ்டிஃபோலியா மட்டும் எச்சரிக்கை: பறவை எச்சம் வழியாகப் பரவி தென் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் களையாகிவிட்டது. அங்கே இருப்பவர்கள் நடக்கூடாது.

பறவை பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நோய் இல்லாமலேயே பழம் மறைகிறதென்றால் கருங்குருவியும் த்ரஷ்களும்தான். பெரும்பாலும் சிவப்பு முதலில் காலியாகும், ஆரஞ்சும் மஞ்சளும் நின்று பிடிக்கும். பனிக்காலம் முழுக்க நிறம் வேண்டுமென்றால் வேலியில் நாலில் ஒரு பங்கு மஞ்சள் நடுங்கள்.

---

கவாத்துக்கத்தி

செப்பு விஷயத்தில் செங்காய் சொல்வதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: தெளிப்பானை நிறுத்தாமல் மருந்து அடிப்பது வீண்.

சுவரோரச் செடியை நகர்த்தும் கேள்வி விட்டுப்போயிற்று. நகர்த்த வேண்டாம். பைரகாந்தாவின் வேர் ஆழமாக, கிளை குறைவாகப் போகும். 4 வயதில் தோண்டினால் வேர்ப்பந்தில் மண் நிற்காது, உறிஞ்சு வேர் முக்கால்வாசி போய்விடும். பசுமைமாறாச் செடி என்பதால் இலை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். பிழைத்தாலும் 2 வருடம் முடங்கும். இடைவெளிக்குத் தொட்டியில் வளர்ந்த 2 அல்லது 3 லிட்டர் இளஞ்செடி வாங்கி நடுவது மலிவு, சீக்கிரமும்கூட.

சுவர்ச்செடியை அங்கேயே சுவரோடு படியவிட்டால் வேலியைவிட அழகாக இருக்கும். வடக்கு, கிழக்குச் சுவரிலும் காய்க்கும், வெயில் கூடினால் காயும் கூடும். சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிற்கும்படி கொக்கி அடித்து, 35 முதல் 40 செ.மீ.க்கு ஒரு கம்பி கிடையாக இழுங்கள். கிளையைத் தளிராக, பச்சையாக இருக்கும்போதே வளைத்துக் கட்ட வேண்டும். முற்றியதை வளைத்தால் மூட்டோடு பிளக்கும். சணல் கயிறு, எட்டு வடிவ முடிச்சு. கிளையைக் கம்பிக்குப் பின்னால் செருகாதீர்கள். 3 வருடத்தில் அது தடித்துக் கொக்கியையே பிடுங்கிவிடும். கம்பிக்கு முன்னால் மட்டும் கட்டுங்கள். சுவரை நோக்கியும் நேரே வெளியேயும் வளர்வதை அடியோடு எடுங்கள், மீதிக்கு வேலிக்குச் சொன்ன அதே ஜூலைக் கவாத்து. புதிதாகச் சுவரோரம் நடுகிறவர்கள் அடியிலிருந்து 40 செ.மீ. தள்ளிக் குழி எடுக்கவும். சுவரை ஒட்டிய மண்ணில் மழை விழாது.

---

புதர்ப்பிரியை

கிளையை வெட்டியாயிற்று. தாய்த்தண்டு சுத்தமாக இருக்கிறது. இடைவெளிக்கு சஃபீர் ஜோன் பார்க்கிறேன். ஒரே சந்தேகம்: வெட்டிய முள்கிளையை என்ன செய்வது? குழந்தைகள் நடமாடும் இடம். பழம் விஷமா என்பதும் தெரிய வேண்டும்.

---

வேர்முடிச்சு

பழத்தின் சதை விஷமில்லை. மாவு மாதிரி, புளிப்பாக, சுவையில்லாமல் இருக்கும். சிலர் வேகவைத்து வடிகட்டி ஜெல்லி செய்வதுண்டு. ஆப்பிள் விதையில் உள்ளதைப் போல சயனைடு உண்டாக்கும் பொருள் விதையில் சிறிதளவு உண்டு. ஒன்றிரண்டை விழுங்கிய குழந்தைக்கு ஆபத்தில்லை. கைப்பிடி கைப்பிடியாகத் தின்றால் வயிறு கலங்கும், அப்போது மருத்துவரைக் கேளுங்கள்.

பயப்பட வேண்டியது முள்ளுக்கு. ரோஜா முள் தோலில் மட்டும் ஒட்டியிருப்பதால் நகத்தால் தள்ளினாலே கழன்றுவிடும். பைரகாந்தா முள் அப்படியல்ல, நுனி கூராகிய குட்டைக் கிளை அது, உள்ளே கட்டை. சில முள்ளில் இலைகூட இருக்கும். ஆழமாக இறங்கி, நுனி உள்ளேயே ஒடிந்துவிடும். விரல் மூட்டில் குத்திச் சில நாளாகியும் வீக்கமும் விறைப்பும் போகாவிட்டால் துண்டு மூட்டுக்குள் இருக்கலாம். மரத்துண்டு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு, அதனால் "முள் குத்தியது" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி நிலுவையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கை வரை வரும் தோல் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். துணிக்கையுறையால் பிரயோசனமில்லை.

வெட்டுவதற்கு முன் வேலியடியில் பழைய தார்ப்பாய் விரியுங்கள். விழுவதெல்லாம் அதில் விழட்டும். பிறகு நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினால் தரை சுத்தம். புல்லில் ஒரு துண்டு தங்கினாலும் காய்ந்த பிறகு செருப்பைத் துளைக்கும், சைக்கிள் டியூபையும் விடாது. கிளைகளை 20 செ.மீ. துண்டாக்கித் தடித்த அட்டைப் பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் தூக்குகிறவர் தொடையில் குத்தும். உரக்குழியில் இலை மக்கிப்போகும், முள் மட்டும் அப்படியே கிடக்கும். நோய்க்கிளையை மட்டும் தனியாகக் கட்டி, எரிக்க அனுமதி இருந்தால் எரியுங்கள், இல்லையென்றால் மூடிய பெட்டியில் குப்பைக்கு.

---

செங்காய்

சஃபீர் ஜோன் ஒன்று வாங்கினால் போதும், மீதியைச் சொந்தக் கொல்லையில் பெருக்கிக்கொள்ளுங்கள், அந்த ரகத்தை உருவாக்கியவரின் உரிமைக்காலம் முடிந்துவிட்டதா என்று நாற்றுப்பண்ணையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. ஜூலை–ஆகஸ்ட்டில், அடி சற்று முற்றி நுனி வளையும் பதத்தில் உள்ள சிம்பை 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு, அடியில் தாய்க்கிளையின் பட்டை ஒரு சிறு நாக்காக ஒட்டியிருக்கும்படி கிழித்து எடுங்கள். கீழ் இலைகளையும் நுனித்தளிரையும் நீக்கி, வேர்த்தூளில் தொட்டு, மணலும் மக்கு உரமும் சரிபாதி கலந்த தொட்டியில் பாதி நீளம் செருகி மூடிவையுங்கள். இரண்டு மாதத்துக்குள் வேர் விடும். விதை வேண்டாம். அதற்கு 3 மாதம் ஈரக்குளிர் கொடுக்க வேண்டும், முளைத்தாலும் தாயின் நிறமோ நோய் தாங்கும் குணமோ வருமென்று சொல்ல முடியாது.